இல்லாத கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபம்

நிலோஃபரின் தம்பி சுஃப்யானுக்குக் கல்யாணம் என்ற செய்தி, திண்டிவனத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த காலை. கோட்டக்குப்பத்தில் அவர்கள் அம்மா பரக்கத் நிஷா வாசல் குழாயடியில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"வணக்கம்மா, திண்டிவனம் மண்டபத்துலேர்ந்து மேனேஜர் ராஜாமணி பேசறேன். வைகாசி கல்யாணத்துக்கு மண்டபம் புக் பண்ணிக்கிறீங்க. மாப்ள சுஃப்யான், பொண்ணு அப்ஸானா. அட்வான்ஸ் இன்னும் வரலியே, எப்ப வர்றீங்க?"

பரக்கத் நிஷாவுக்குக் காது அடைத்துப்போனது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு, தனக்குத்தானே கல்யாணம் ஏற்பாடு செய்துவிட்டானா? அதுவும் எங்கோ திண்டிவனத்தில்? "அப்புறமா பேசறேன்" என்று போனை வைத்தவள், மகனைக் கூப்பிடவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி நிலோஃபர், அப்ஸானா யாருடி? உனக்குத் தெரியாம இருக்காது. எந்தூரு பொண்ணு?"

விழுப்புரத்தில், எலெக்ட்ரிக்கல் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஆபீசில் நிலோஃபர் அப்போதுதான் கம்ப்யூட்டரைத் திறந்திருந்தாள். அம்மா சொல்வது முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சுஃப்யானையும் அப்ஸானாவையும் ஜோடி சேர்த்தவள் அவள்தான்.

"அம்மா, அவனைத் திட்டிடாத. அது நான் எழுதுனது. டெஸ்ட்டுக்கு."

"டெஸ்ட்டா? அவனுக்கு என்னாடி ஆச்சு உடம்புக்கு?"

"ஐயோ, உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. சாயந்தரம் வந்து சொல்றேன். நீ மீனக் கழுவு."

நிலோஃபர் புதுச்சேரியில் எம்.சி.ஏ. படித்தவள். படிப்பு முடிந்த கையோடு ஃபைசலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான், அவளும் கூடப் போனாள். நாலைந்து வருஷம் அங்கே ஒரு ஃப்ளாட்டின் ஜன்னல் வழியாகக் கார்களை எண்ணிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ஃபைசல் ஊருக்குத் திரும்பி கோட்டக்குப்பத்திலேயே ஏ.சி. ரிப்பேர் கடை போட்டபோது, "நானும் வேலைக்குப் போகட்டுமா மச்சான்?" என்று கேட்டாள். "கேக்கணுமா?" என்றான் அவன். ஆனால் அத்தனை வருஷ இடைவெளியைப் பார்த்ததும் புதுச்சேரி கம்பெனிகள் உதட்டைப் பிதுக்கின. கடைசியில் அவளைச் சேர்த்துக்கொண்டது விழுப்புரத்துப் புகழேந்திதான்.

புகழேந்தியின் ஆபீஸ் சின்னது. அரிசி மண்டி, பள்ளிக்கூட வேன், கல்யாண மண்டபம் என்று சுற்றுவட்டாரத்துக்கு வேண்டிய சாப்ட்வேர்களை எழுதிக்கொடுப்பார்கள். எழுதுவது பெரும்பாலும் ரஞ்சித். திருவாமாத்தூர்ப் பையன், வேகக்காரன். ஜாவா மொழியில் அவன் எழுதிய கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைத் தொகுப்பு, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக டெஸ்ட் எழுதும் வேலை நிலோஃபருக்கு வந்தது. ஒவ்வொரு சின்னத் துண்டையும் தனியாக எடுத்து, இதைக் கேட்டால் இந்தப் பதில் வருகிறதா என்று கம்ப்யூட்டரையே விட்டுச் சோதிக்க வைக்கும் வேலை. மற்றவர்களுக்கு அது சலிப்பு. அவளுக்கு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, கை அதன்பாட்டுக்குப் போக மனசு அமைதியாகிற வேலை.

மண்டப சாப்ட்வேருக்கு அவள் எழுதியிருந்த டெஸ்ட் ரொம்ப எளிமையானது. ஒரு கல்யாணத்தை டேட்டாபேஸில் பதிந்துகொள், பிறகு "அந்தத் தேதியில் மண்டபம் காலியா?" என்று கேள், "இல்லை" என்று பதில் வரவேண்டும், வந்ததும் பதிந்த கல்யாணத்தை அழித்துவிடு. பதிய ஒரு மாப்பிள்ளை வேண்டுமே என்று தம்பி பெயரைப் போட்டாள். பெண்ணுக்கு வாயில் வந்த பெயர். தேதிக்குச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டி, வைகாசியில் சுபமுகூர்த்தம் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன் நம்பருக்கு, யோசிக்காமலே கை அடிக்கும் நம்பர் ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அம்மாவுடையது.

இதெல்லாம் பழகுவதற்கென்று வைத்திருந்த தனி டேட்டாபேஸில் நடக்கவேண்டியது. ஆனால் ராஜாமணி போன் செய்ததற்கு முந்தைய நாள் காலை, நிலோஃபர் வளவனூர்ப் பக்கம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து ஏதோ புகார் வந்திருக்கிறது. ரஞ்சித் அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மண்டபத்தின் நிஜ டேட்டாபேஸோடு இணைத்துப் பார்த்துவிட்டு, திருப்பி மாற்ற மறந்துவிட்டான். அவள் வந்து டெஸ்ட்டை ஓடவிட்டாள். கல்யாணம் பதிவானது, அழிப்பதற்குள் கரெண்ட் போனது. கரெண்ட் வந்தபிறகு ரஞ்சித்துக்கு ஞாபகம் வந்து இணைப்பைப் பழையபடி மாற்றினான். அவள் மறுபடி ஓடவிட்டாள், எல்லாம் சரியாக இருந்தது. சுஃப்யானும் அப்ஸானாவும் மட்டும் திண்டிவனத்தில் தங்கிவிட்டார்கள்.

அம்மாவிடம் பேசி முடித்ததும் நிலோஃபர் அந்தப் பதிவை அழித்தாள். பிறகு ராஜாமணிக்கு போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, இதை நேத்தே சொல்லக்கூடாதா? நேத்து சாயந்தரம் கிளியனூர்லேர்ந்து ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்கு அதே தேதி கேட்டு வந்தாரு. மெஷின்ல புக்காயிக்கிது, இல்லன்னு அனுப்பிட்டேன். மொகம் செத்துப்போச்சு அந்த மனுஷனுக்கு."

"அவரு நம்பர் இருக்கா சார்?"

"இல்லன்னு அனுப்பினவர்கிட்ட நம்பர் எதுக்கு வாங்கறேன்? பேரு துரைக்கண்ணு. மல்லாட்டை போட்டுக்கிறேன், அறுவடைக்கு நடுவுல வந்தேன்னாரு. அவ்ளோதான் தெரியும். எனக்குப் பேஜாராப் போச்சும்மா, என் பேருதானே கெடுது."

நிலோஃபர் விஷயத்தைச் சொன்னதும் புகழேந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். ரஞ்சித் எழுந்து நின்று, "தப்பு என்னுதுதான் சார்" என்றான். அவன் அப்படிச் சொன்னது நிலோஃபருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதனால் கிளியனூர்க்காரருக்கு மண்டபம் கிடைத்துவிடாதே. "நான் இன்னிக்கு மத்தியானம் கிளம்பறேன் சார். கிளியனூரு எங்க ஊருக்குப் பக்கம்தான், தேடிப் புடிச்சிடறேன்" என்றாள்.

அவள் ஊர் வந்து சேர்ந்ததும் ஃபைசல் கடையைச் சாத்திவிட்டு பைக்கை எடுத்தான். வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் தம்பிக்குப் பொண்ணு பாத்த, தேதி குறிச்ச, மண்டபமும் புடிச்ச. பிரியாணிக்கு மட்டும் சொல்லாம உட்டுட்டியே!" என்றான். "ஓட்டுற வேலையப் பாருங்க மச்சான்" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். உள்ளுக்குள் அவளுக்கு பயம்தான். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் போய்க் குறுக்கே விழுந்திருக்கிறோம். அவர் வேறு தேதிக்கு மாறியிருந்தால் என்ன செய்வது?

கிளியனூர் டீக்கடையில் கேட்டதும் வழி சொன்னார்கள். ஏரிக்கரையைத் தாண்டி, வேப்பமரத்து நிழலில், பிடுங்கிப்போட்ட நிலக்கடலைச் செடிகளைக் குவித்துவைத்துப் பெண்கள் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதர் சாக்கை உதறிக்கொண்டு நின்றார். அவர்தான் துரைக்கண்ணு.

நிலோஃபர் வழியில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "ஐயா, நீங்க கேட்ட மண்டபம் அந்தத் தேதியில காலியாத்தான் இருக்கு. அன்னிக்கு யாருக்கும் கல்யாணம் இல்ல. நான் சும்மா டெஸ்ட்டுக்குப் போட்ட கல்யாணம் அது" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

துரைக்கண்ணு அவளையும் ஃபைசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற? இல்லாத கல்யாணத்துக்கு மண்டபம் புடிச்சியா?"

"ஆமாங்க."

"மாப்ள பொண்ணு பேரெல்லாம் கூட இருக்குதுன்னாரே அந்த மேனேஜரு?"

"மாப்ள என் தம்பிங்க. பொண்ணுதான் இல்ல."

மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து செடியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் எழுந்து வந்தாள். அவர் மகள் கலைப்பிரியா, திண்டிவனத்தில் ஒரு லேபில் வேலை செய்கிறவள்.

"அக்கா, நெஜமாவே காலியா? திரும்பப் போனா இல்லன்னு சொல்ல மாட்டாங்களே?"

நிலோஃபர் போனிலேயே ராஜாமணியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்குத்தான் எழுதி வெச்சுக்கிறேன், நாளைக்கு ஜல்தியா வந்துடுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் கலைப்பிரியாவின் முகம் தெளிந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலையாம். லீவு கிடைக்கிற அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் இரண்டு வீட்டாரும் தேதி குறித்திருந்தார்களாம். முந்தைய நாள் ராத்திரி துரைக்கண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தேதியை மாற்றலாமா என்று கேட்க, அங்கே கொஞ்சம் மனஸ்தாபமாகிவிட்டதாம். இதையெல்லாம் கலைப்பிரியா ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்.

"அப்பா, முதல்ல அவங்களுக்கு போன் போடு" என்றாள்.

துரைக்கண்ணு வரப்பு ஓரமாகப் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது. சாக்கில் பாதி மல்லாட்டையை அள்ளிப் போட்டு ஃபைசலின் பைக்கில் கட்டினார். "வேணாங்க, நாங்கதான் உங்களுக்குக் குடுக்கணும்" என்றாள் நிலோஃபர். "தேடிக்கினு வந்து சொன்ன பாரு, அதுக்கும்மா. போன்லேயே எவன் சொல்றான் இந்தக் காலத்துல? கல்யாணத்துக்கு வந்துடணும்" என்றார்.

அந்த மல்லாட்டையைப் பரக்கத் நிஷா அவித்துத் தெருவுக்கே கொடுத்தாள். கதையையும் சேர்த்துத்தான்.

மறுநாள் ஆபீசில் புகழேந்தி ஒரு முடிவோடு இருந்தார். "நிலோஃபர், நம்ம மாதிரி சின்ன ஆபீசுக்கு இந்த டெஸ்ட்டெல்லாம் வேணாம்மா. கையால அடிச்சுப் பாத்து அனுப்பிடலாம்."

நிலோஃபர் எப்போதும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியவளில்லை. அன்று பேசினாள். "சார், டெஸ்ட்டு தப்புப் பண்ணல. அது போய் நிஜ டேட்டாபேஸத் தொட்டதுதான் தப்பு. தொடாமலே டெஸ்ட் பண்ண வழி இருக்கு. எனக்கு இந்த வாரம் மட்டும் டைம் குடுங்க." "சரி, பாரு" என்றார் புகழேந்தி.

அந்த வழிக்கு மாக் என்று பெயர். ஜாவாவில் அதற்கென்று யாரோ தயாராக எழுதிவைத்த கோடுகளின் தொகுப்பு இருப்பதை அவள் முன்பே படித்திருந்தாள், கையில் எடுத்ததில்லை. விஷயம் இதுதான்: டேட்டாபேஸ் இருக்கிற இடத்தில் டேட்டாபேஸ் மாதிரி நடிக்கிற ஒன்றை வைப்பது. "இந்தத் தேதியைக் கேட்டால், ஒரு கல்யாணம் இருக்கிறது என்று சொல்" என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். ரஞ்சித்தின் கோடு கேட்கும்; அது சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும்; அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கோடு சரியாக முடிவெடுக்கிறதா என்று டெஸ்ட் பார்க்கும். எங்கேயும் எதுவும் பதிவாகாது. பதிவானால்தானே அழிக்க மறப்பதற்கு?

கேட்க எளிதாக இருந்ததே தவிர, உட்கார்ந்தபோது முதல் அடியிலேயே முட்டியது. ரஞ்சித்தின் கோடு, வேண்டியபோதெல்லாம் தானே போய் டேட்டாபேஸைத் திறந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அது தானே திறந்துகொண்டால், நடிக்கிறதை நடுவில் நுழைப்பது எப்படி? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அப்புறம் ரஞ்சித்தைக் கூப்பிட்டு, "கனெக்‌ஷன அது தேடிப் போக வேணாம், நாம வெளியிலேர்ந்து கையில குடுத்துடலாம். நிஜமா ஓடும்போது நிஜத்தக் குடுப்போம், டெஸ்ட்ல இதக் குடுப்போம்" என்றாள். ரஞ்சித்துக்கு உடனே பிடிபட்டது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாக மாற்றினார்கள். வேகத்துக்கு அவன், விடுபடுவதைப் பார்க்க அவள். நடுநடுவே கீழே போய் அவன் மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்தான்.

வார முடிவில் டெஸ்ட்டுகள் அத்தனையும் தேறி, திரையில் பச்சையாக வந்தன. முன்பு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் பிடித்தது, இப்போது கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. திரும்பத் திரும்பப் பதிவு செய்தாலும், நடுவில் டேட்டாபேஸ் பழுதானாலும், கோடு என்ன செய்கிறது என்று பார்க்க முடிந்தது; நிஜத்தில் அதைப் பழுதாக்கிப் பார்க்க யாருக்கு தைரியம் வரும்? "அக்கா, அனுப்பிடலாமா?" என்றான் ரஞ்சித்.

"இரு" என்றாள் நிலோஃபர்.

அவளுக்கு ஏதோ உறுத்தியது. டேட்டாபேஸைக் கேட்கிற அந்தக் க்வெரியில், வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிழையாக அடித்து டெஸ்ட்டை ஓட்டினாள். அப்போதும் பச்சை. க்வெரியையே பாதியாக வெட்டினாள். பச்சை. நடிக்கிற டேட்டாபேஸ் கேள்வியைப் படித்துப் பார்ப்பதே இல்லை, சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பிக்கிறது.

"அப்ப இவ்ளோ வேலையும் வீணா?" என்றான் ரஞ்சித், முகம் வாடி.

"வீணில்லப்பா. இது உன் கோடு யோசிக்கிறது சரியான்னு பாக்குது. க்வெரி சரியா கேக்குதான்னு பாக்க வேற ஒண்ணு வேணும்."

அதற்கு அவள் ஒரு குட்டி டேட்டாபேஸை வைத்தாள். டெஸ்ட் தொடங்கும்போது கம்ப்யூட்டரின் நினைவிலேயே முளைத்து, டெஸ்ட் முடிந்ததும் தானாகக் காணாமல் போகிற வகை. அதற்கு வெளியூர் விலாசம் கிடையாது. திண்டிவனத்துக்குப் போக வழியே இல்லை. எல்லா டெஸ்ட்டையும் அங்கே கொண்டுபோகவில்லை. க்வெரிகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு டெஸ்ட்.

அதை முதன்முதலில் ஓட்டியபோது ஒன்று சிவப்பாக வந்தது. முதலில் தன் தப்பென்றுதான் நினைத்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்தரமே ரிசப்ஷனுக்கு மண்டபம் போய்விடும். மறுநாள் மத்தியானம்தான் காலியாகும். க்வெரியோ முகூர்த்த நாளை மட்டும் பார்த்தது. முந்தின நாள் சாயந்தரத்துக்கு யாராவது மண்டபம் கேட்டால், காலி என்று சொல்லிவிடும். இரண்டு கூட்டம் ஒரே வாசலில் வந்து நின்றிருக்கும். முந்தின நாளை யாரும் இதுவரை கேட்காததால்தான் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறது.

ரஞ்சித் தலையைச் சொறிந்துகொண்டே திருத்தினான். புகழேந்தி வந்து திரையைப் பார்த்துவிட்டு, "கிளியனூர்க்காரரு கல்யாணத்துக்கு ரிசப்ஷன் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. அதற்கப்புறம் டெஸ்ட் வேண்டாம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. ராஜாமணிக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணையே வெச்சு எல்லாத்தையும் பாக்கச் சொல்லுங்க சார்" என்றார் ராஜாமணி.

வைகாசியில் கலைப்பிரியாவின் கல்யாணத்துக்கு நிலோஃபர், ஃபைசல், பரக்கத் நிஷா மூன்று பேரும் போனார்கள். முந்தின நாள் ரிசப்ஷனுக்கே போய்விட்டார்கள். துரைக்கண்ணு வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். நிலோஃபரைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அப்பாவிடம் இழுத்துக்கொண்டு போய், "நமக்கு மண்டபம் வாங்கிக் குடுத்தது இந்தப் பொண்ணுதான்" என்று அறிமுகப்படுத்தினார். நடந்ததென்னவோ நேர்மாறு. அவள் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த விருந்தாளியிடம் போய்விட்டார்.

பந்தியில் பரக்கத் நிஷா கூட்டும் வடையும் ரசித்துச் சாப்பிட்டாள். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள், சமையல்கட்டு எத்தனை பெரிசு என்று எட்டிப் பார்த்தாள், கார் நிறுத்த இடமிருக்கிறதா என்று ராஜாமணியிடமே கேட்டாள். "என்னம்மா பாக்கற?" என்றதற்கு, "சும்மாதாண்டி" என்றாள். அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது நிலோஃபருக்குத் தெரிந்தது. ஷார்ஜாவில் இருக்கிறவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

இப்போது செஞ்சியிலும் வந்தவாசியிலும் இருக்கிற மண்டபங்களுக்கும் புகழேந்தியின் ஆபீஸ்தான் எழுதிக்கொடுக்கிறது. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய நிலோஃபர் அனுமதி வாங்கிக்கொண்டாள். கோட்டக்குப்பம் வீட்டின் மாடியறையில், ஜன்னலை ஒட்டி, ஃபைசல் அவளுக்கொரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறான். மத்தியானத்துக்கு மேல் அங்கே கடல் காற்று ஏறும். ரஞ்சித் அனுப்பும் புதுக் கோடுகளைத் திறந்து, இவற்றை எப்படியெல்லாம் கேட்டால் தடுமாறும் என்று யோசித்துக்கொண்டே அவள் தட்டத் தொடங்குவாள். கீழே கடையில் ஃபைசல் யாருடைய ஏ.சி.யையோ பிரித்து வைத்துக்கொண்டு பாடும் சத்தம் கேட்கும். சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவள் தலை நிமிராது.